பலிபீடமா, நீதிமன்றமா, கடன்சீட்டா? யாங்கூன் தமிழ் வகுப்பில் சிலுவையை எங்கிருந்து விளக்கத் தொடங்குவது

யாங்கூனில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையில், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகும் இளையோருக்காக லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், ஆறு மாலை வகுப்புகள் நடைபெறுகின்றன. இந்த முறை அவற்றை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. "இயேசு நம் பாவங்களுக்காக மரித்தார்" என்ற ஒரே வாக்கியத்தை விளக்குவதுதான் ஆறு மாலைகளின் வேலையும். அந்த வாக்கியத்தை வேதாகமம் ஒரே படத்தால் விளக்கவில்லை. பலிபீடம், நீதிமன்றம், அடிமைச் சந்தை, கடன்சீட்டு, போர்க்களம், பிரிந்த குடும்பம் என்று பல இடங்களுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. அனைத்தையும் இறுதியில் கற்பித்தாக வேண்டும். ஆயினும் முதல் மாலையில் எந்தப் படத்தை விரிக்கிறோமோ, அதன் வழியாகவே பிள்ளைகள் மற்றப் படங்களையும் பார்ப்பார்கள். ஆகவே எதை முதலில் வைப்பது என்பதை முடிவு செய்யவேண்டியிருக்கிறது. என்னைப் போன்ற நிலையிலிருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் உதவக்கூடும் என்பதால் என் ஒப்பீட்டை எழுதி வைக்கிறேன்.

இப்படித் தேர்ந்தெடுக்க ஓர் ஆசிரியருக்கு உரிமை உண்டா என்று சிலர் கேட்கலாம். உண்டு. கிறிஸ்து யார் என்பதைப் பற்றி 325இலும் 381இலும் 451இலும் கூடிய பொதுச் சங்கங்கள் நுட்பமாகத் தீர்மானித்தன. ஆனால் அவருடைய மரணம் எவ்வாறு பாவத்தை நீக்குகிறது என்பதற்கு ஒரே விளக்கத்தை அவை வரையறுக்கவில்லை. நிசேயா விசுவாசப் பிரமாணம், மனிதராகிய நமக்காகவும் நமது இரட்சிப்புக்காகவும் அவர் வந்தார், நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்று அறிக்கையிட்டுவிட்டு நின்றுவிடுகிறது. விளக்கங்கள் பின்னர் பிறந்தவை. ஒவ்வொன்றும் தன் காலத்து வாழ்க்கையிலிருந்து சொற்களை எடுத்துக்கொண்டது.

எங்கள் வகுப்பின் வாழ்க்கை எத்தகையது என்பதையும் சொல்லவேண்டும். இங்குள்ள பிள்ளைகளில் பலர் தமிழில் பாடுவார்கள், ஜெபிப்பார்கள். ஆனால் வாசிப்பது பர்மிய மொழியில்தான் எளிது. சிலருடைய தாய் பௌத்தக் குடும்பத்திலிருந்து வந்தவர். சிலருடைய பாட்டி இன்றும் முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டு கடா வெட்டுகிறார். பள்ளியிலும் தெருவிலும் அவர்களுடைய நண்பர்கள் அனைவரும் பௌத்தர்கள். எனவே எந்தப் படத்தையும் மூன்று கேள்விகளால் சோதிக்கிறேன். அந்தப் படத்தில் தேவனுடைய முகம் எப்படித் தெரிகிறது? பௌத்த நண்பன் நேர்மையாகக் கேட்கும் கேள்விக்கு அந்தப் படம் இடங்கொடுக்கிறதா? உண்மையாகவே ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டு வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அது எதையாவது தருகிறதா?

பழக்கத்தின்படி நாங்கள் முதலில் வைப்பது நீதிமன்றப் படம். மனிதன் குற்றவாளி, தேவன் நீதிபதி, தண்டனை மரணம், அந்தத் தண்டனையை இயேசு நமக்குப் பதிலாக ஏற்றார். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்களில், குறிப்பாகச் சட்டம் படித்தவரான கால்வினுடைய எழுத்துகளில், இது தெளிவான உருவம் பெற்றது. இதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்று சொல்வோரை நான் ஏற்கவில்லை. ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் கர்த்தர் நம்மெல்லாருடைய அக்கிரமத்தையும் அந்தத் தாசன்மேல் விழப்பண்ணுகிறார். ரோமர் 8ஆம் அதிகாரம் கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்று தொடங்குகிறது. தான் செய்த ஒன்றை எண்ணி இரவெல்லாம் உறங்காதவனுக்கு "தீர்ப்பு முடிந்துவிட்டது" என்ற சொல்லைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. பரபாசின் கதையில் இந்த உண்மை விளக்கமேயின்றி நிற்கிறது: குற்றவாளி சிறையிலிருந்து வெளியே நடக்கிறான், குற்றமற்றவர் அவனுக்குரிய சிலுவைக்குச் செல்கிறார்.

ஆனாலும் இதை முதல் படமாக வைத்தபோதெல்லாம் எனக்கு ஒரே இடத்தில் தடுக்கியது. சில ஆண்டுகளுக்கு முன், அபராதம் விதித்த நீதிபதியே இறங்கி வந்து தம் பணப்பையிலிருந்து அந்த அபராதத்தைக் கட்டினார் என்ற பழக்கமான உவமையைச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை அமைதியாகக் கேட்டாள்: "அபராதம் என்றால் வேறொருவர் கட்டலாம், சார். தூக்குத் தண்டனையை வேறொருவர் வாங்கிக்கொள்ள எந்த நீதிபதி சம்மதிப்பார்?" அவளுடைய கேள்வி வேதத்துக்கு வெளியிலிருந்து வந்ததன்று. பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொலைசெய்யப்படலாகாது என்று உபாகமம் 24:16 விதிக்கிறது. பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும் என்று எசேக்கியேல் 18:20 கூறுகிறது. தம்மபதத்தின் 165ஆம் பாடலும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது: தீமையைச் செய்பவனும் தானே, தூய்மையடைபவனும் தானே, ஒருவன் மற்றொருவனைத் தூய்மையாக்க இயலாது. தன் பள்ளியில் இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, குற்றமற்ற மூன்றாம் ஆள் ஒருவரைத் தண்டித்து ஒரு நீதிபதி திருப்தியடைகிறார் என்ற படம் அநீதியாகத்தான் தோன்றும், அப்படித் தோன்றுவது சரியும்கூட.

இதற்குத் திருச்சபையின் பதில் இருக்கிறது. இயேசு மூன்றாம் ஆள் அல்லர். கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கிக்கொண்டவர் தேவனே என்று 2 கொரிந்தியர் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே அதிகாரம், ஒருவர் மரித்தபோது எல்லாரும் மரித்தார்கள் என்றும் சொல்கிறது, அதாவது அவர் நம்மை விலக்கிவிட்டு நம் இடத்தில் நிற்பவரன்றி நம்மைத் தமக்குள் சேர்த்துக்கொண்டு நிற்பவர். இந்தப் பதில் இல்லாமல் நீதிமன்றப் படம் நிற்காது. பதிலைப் புரிந்துகொள்ள ஏற்கெனவே வேறொரு படம் தெரிந்திருக்கவேண்டும் என்றால், அதுவே இது முதலில் வரக்கூடாது என்பதற்குக் காரணமாகிவிடுகிறது.

அடுத்தது பலிபீடம். எங்களுக்கு மிக அருகிலிருப்பதாகத் தோன்றும் படம் இதுதான். அதனாலேயே மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. ஒரு முறை ஒரு பாட்டியம்மா தன் பேத்தியை அழைத்துச்செல்ல வந்தவர், வாசலில் நின்று பாடத்தைக் கேட்டுவிட்டு, "நாங்க கடா குடுக்குறோம், ஒங்க சாமி தன் புள்ளையையே வாங்கிக்கிச்சாக்கும்" என்றார். அவர் ஏளனமாகச் சொல்லவில்லை; தனக்குத் தெரிந்த ஒழுங்கின்படி புரிந்துகொண்டார். நேர்ந்துகொண்ட கடாவின்மேல் மஞ்சள் நீரைத் தெளித்து, அது உடலைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று கொள்ளும் முறையில், காணிக்கை கீழிருந்து மேலே செல்கிறது. மனிதன் கொடுக்கிறான், தெய்வம் பெற்றுக்கொள்கிறது. அந்த ஏற்பாட்டுக்குத் தமிழில் பெயரே நேர்த்திக்கடன்; தெய்வத்துக்கு மனிதன் பட்ட கடன்.

லேவியராகமத்தைப் பொறுமையாக வாசித்தால் அங்கே ஓட்டம் திரும்பியிருப்பது தெரியும். 17:11இல் இரத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது, பலிபீடத்தின்மேல் பாவநிவிர்த்தி செய்யும்படி அதை நானே உங்களுக்கு ஏற்படுத்தினேன் என்கிறார் கர்த்தர்; எபிரெய மூலத்தில் இருக்கும் வினைச்சொல் "கொடுத்தேன்" என்பதே. அவர் பசித்திருந்து வாங்கியது இரத்தம் அன்று, பாவம் செய்தவன் திரும்பி வருவதற்கு அவர் திறந்துகொடுத்த வழி அது. இதை உறுதிப்படுத்தும் ஒரு சிறு விதி 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிரசங்கங்களில் நான் அதை அதிகம் கேட்டதில்லை. ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாத ஏழை எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைக் கொண்டுவந்தால் போதும், அதுவும் பாவநிவாரணபலியாகவே ஏற்கப்படும். இரத்தமே இல்லாத ஒரு பாவநிவாரணபலி! இரத்தஞ்சிந்துதல் இல்லாமல் மன்னிப்பில்லை என்று எழுதும் எபிரெயர் நிருபமும், அதே வசனத்தில், நியாயப்பிரமாணத்தின்படி "கொஞ்சங்குறைய" எல்லாம் இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும் என்று கவனமாகத்தான் எழுதுகிறது. மாவோடு வந்த ஏழையைத் திருப்பி அனுப்பாதவர் இரத்த தாகம் கொண்ட தெய்வமாக இருக்க முடியாது.

பாவநிவாரண நாளின் சடங்கும் அப்படியே. லேவியராகமம் 16இல் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் வருகின்றன. ஒன்று கொல்லப்படுகிறது, அதன் இரத்தம் பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டுபோகப்பட்டு, ஜனங்களின் தீட்டிலிருந்து அந்த இடத்தைச் சுத்திகரிக்கிறது. மற்றொன்றின் தலையின்மேல் ஆரோன் தன் இரு கைகளையும் வைத்து ஜனங்களுடைய அக்கிரமங்களை அறிக்கையிடுகிறான். அந்தக் கடா கொல்லப்படுவதில்லை, வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. நம் தமிழ் வேதாகமம் அதற்குப் "போக்காடு" என்று பெயரிட்டிருக்கிறது. பழிபோக்கும் ஆடு என்றும், போகவிடப்பட்ட ஆடு என்றும் இரண்டு பொருளும் அந்த ஒரு சொல்லில் ஒலிக்கின்றன. பாவத்தைச் சுமக்கும் கடா சாவதில்லை, சாகும் கடாவின்மேல் பாவம் அறிக்கையிடப்படுவதில்லை என்பதைக் கவனித்தவர்கள், பலி என்றாலே தண்டனை என்று எளிதில் சமன்படுத்தமாட்டார்கள். பலிபீடத்தின் மொழியில் பாவம் ஒரு தீட்டு, ஒரு பாரம். அது கழுவப்படுகிறது, அகற்றப்படுகிறது.

இந்த இடத்தில் சொற்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் ரோமர் 3:25இலும் 1 யோவான் 2:2இலும் உள்ள சொல் "கிருபாதாரபலி". கிருபைக்கு ஆதாரமான பலி என்று பிரித்தால் பொருள் ஆழமானது, ஆனால் வகுப்பில் எவருக்கும் அது தானாக விளங்குவதில்லை. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் அதே இடத்தில் "கழுவாய்" என்ற சொல்லை ஆள்கிறது. புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், எத்தகைய கொடுமை செய்தோர்க்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்க்கு மட்டும் உய்தி இல்லை என்று பாடுகிறார். ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழன் கேட்டுவரும் ஒரு கேள்வி அந்தச் சொல்லில் இருக்கிறது: கழுவ முடியாத குற்றம் உண்டா? பலிபீடத்தைக் கற்பிக்கும் மாலையில் நான் இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதப்போகிறேன்.

அப்படியானால் பலிபீடத்திலிருந்தே தொடங்கலாமே? இரண்டு தடைகள் இருக்கின்றன. மேற்கண்ட அனைத்தையும் விளக்கியபின்தான் அந்தப் படம் சரியாகத் தெரியத் தொடங்கும்; அதற்குள் முதல் மாலை முடிந்துவிடும், பிள்ளைகள் கடாவெட்டின் நினைவோடு வீடு திரும்பிவிடுவார்கள். மேலும், உயிர்க்கொலையை அஞ்சும் பௌத்தச் சூழலில் வளர்ந்த பிள்ளை, கொலையைச் சார்ந்த ஒரு சடங்கு எதற்காக என்ற வெறுப்பைக் கடந்துவரச் சில வாரங்கள் ஆகும். இந்த வெறுப்பையும் நான் குறைசொல்லமாட்டேன். பலியை அல்ல இரக்கத்தையே விரும்புகிறேன் என்று ஓசியா வழியாகப் பேசியவரும், காளை வெள்ளாட்டுக்கடாக்களின் இரத்தம் பாவங்களை நீக்கமாட்டாது என்று எபிரெயர் 10ஆம் அதிகாரத்தில் எழுதச் செய்தவரும் ஒருவரே.

மூன்றாவதாக, அன்பின் முன்மாதிரி என்ற படம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இறையியலாளர் அபெலார்ட் இதை வலியுறுத்தினார்: சிலுவையில் வெளிப்பட்ட அன்பு நம் நெஞ்சை உருக்கி நம்மையும் அன்புக்குத் திருப்புகிறது. இந்நாட்டில் இதைவிட எளிதில் புரியும் படம் வேறில்லை. பசித்து வந்தவனுக்குத் தன் உடலையே தீயில் இட்டுக் கொடுக்க முன்வந்த முயலின் ஜாதகக் கதையைப் பர்மியப் பிள்ளைகள் அறிவார்கள். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியைத் தமிழ்ப் பிள்ளைகள் அறிவார்கள். ஆனால் எளிமையே இதன் குறையும் ஆகிறது. அந்த வரிசையில் இன்னும் ஒரு தியாகியாக இயேசு சேர்ந்துவிடுவார். குற்றத்தோடு அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு, நீயும் இப்படி வாழ் என்ற கட்டளை கிடைக்குமே தவிர விடுதலை கிடைக்காது. இன்னொரு ஆபத்தை எங்கள் சபைகளிலேயே கண்டிருக்கிறேன். கணவனிடம் அடிவாங்கும் பெண்ணிடம், இயேசு பொறுத்தார் அல்லவா, நீயும் உன் சிலுவையைச் சும என்று சொல்லப்பட்டிருக்கிறது. முன்மாதிரி என்ற படத்தை மட்டும் தனியே கற்பித்தால் அந்த வாக்கியத்தை மறுக்க நமக்குச் சொல் கிடைக்காது. அதைக் கடைசி மாலைக்கே வைப்பேன்.

போர்க்களப் படம், அதாவது சாத்தானையும் மரணத்தையும் கிறிஸ்து வென்றார் என்பது, ஆதித் திருச்சபைக்கு மிகவும் நெருக்கமானது. 1931இல் சுவீடன் நாட்டு இறையியலாளர் குஸ்டாஃப் ஔலேன் அதை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நாட் எனப்படும் பர்மிய ஆவிகளின் வழிபாடும் முனி, பேய் அச்சமும் உள்ள ஊர்களில் இதற்கு வல்லமை உண்டு. தனியே கற்பித்தால், நம் தீமைக்கு நாமே பொறுப்பு என்பது மறைந்து எல்லாம் பிசாசின்மேல் போய்விடும். இதைத் தனிப் பாடமாக வைக்காமல், அடுத்து வரும் படத்தோடு இணைத்துவிடுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

அந்தப் படம்தான் கடன். என் தேர்வு இதுவே என்பதால் இதைக் குறித்துச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பர்மாத் தமிழருக்குக் கடன் ஓர் உவமை மட்டும் அன்று. நம் முன்னோரில் பலர், கூலிக்கு ஆள்சேர்க்கும் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். அந்த முன்பணம் தீரும்வரை அவர்களுடைய உழைப்பு அவர்களுடையதாக இருக்கவில்லை. மறுபக்கத்தில், அந்நாளில் ரங்கூன் எனப்பட்ட இந்நகரின் மொகல் தெருவில், கிட்டங்கிகள் என்ற வட்டிக்கடைகளில் அமர்ந்து கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களுக்குக் கடன் கொடுத்தவர்களும் தமிழர்களே. 1930இல் நெல் விலை சரிந்தபின் கடனைக் கட்ட இயலாத விவசாயிகளின் நிலங்கள் கைமாறின. முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 6 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 25 விழுக்காடாக உயர்ந்தது. கடன்பட்டவனின் நடுக்கமும் கடன்கொடுத்தவனின் மேலுள்ள கசப்பும் இரண்டும் நம் வரலாற்றில் இருக்கின்றன. தமிழில் நேர்த்திக்கடன் என்கிறோம். பர்மிய மொழியிலோ முன்வினையின் பயனை "வுட்ச்வே" என்கிறார்கள், அதில் "ச்வே" என்பது கடன். இரண்டு மொழியிலும் பிள்ளைகளுக்குப் பொதுவாக இருக்கும் ஒரே சொல்லிலிருந்து பாடத்தைத் தொடங்க முடியும் என்பது சிறிய வசதியன்று.

வேதத்தில் இதற்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று கொலோசெயர் 2:14. நமக்கு விரோதமாக இருந்த "கையெழுத்தைக் குலைத்து" அதைச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்கிறது நம் மொழிபெயர்ப்பு. அங்கே மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல், கடன்பட்டவன் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கும் கடன்சீட்டைக் குறிப்பது; நம் தாத்தாக்கள் புரோநோட்டு என்று அழைத்தது அதைத்தான். அடுத்த வசனத்திலேயே போர்க்களம் வந்துவிடுகிறது: துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் அவர் வென்றார். சீட்டைக் கையில் வைத்து மிரட்டுகிறவனுக்கு, சீட்டு போனபின் அதிகாரம் ஏது?

மற்றொன்று மாற்கு 10:45, அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்க வந்தேன் என்று இயேசு சொல்வது. பர்மிய வேதாகமம் இந்த மீட்புக்கு ஆளும் சொல்லில் உள்ள வினைதான் அடகுக் கடையில் வைத்த நகையைத் திருப்பும்போதும் வழங்குகிறது. அதற்கு இந்த மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. பர்மாவின் இனங்களில் ஒன்றான கரென் மக்களில் முதலாவது ஞானஸ்நானம் பெற்ற கோ தா ப்யூ, கொள்ளையிலும் கொலையிலும் ஊறிய வாழ்க்கை வாழ்ந்து, கடனுக்காக அடிமையாகியிருந்தவர். ஒரு பர்மியக் கிறிஸ்தவர் அந்தக் கடனை அடைத்து அவரை எடுத்துக்கொண்டார். பிறகு அந்தப் பொறுப்பை அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன் ஏற்றார். 1828 மே மாதத்தில் தென்பர்மாவின் தவாய் நகரில் ஞானஸ்நானம் பெற்ற கோ தா ப்யூ, 1840இல் மரிக்கும்வரை கரென் கிராமங்களில் நற்செய்தி சொல்லித் திரிந்தார். மீட்கும்பொருள் என்ற சொல்லுக்கு அகராதி தேடவேண்டியதில்லை. தம் கடனை இன்னொருவர் அடைத்ததை அறிந்த ஒருவரிடமிருந்துதான் இந்நாட்டில் ஒரு பெரும் மக்கள் திருச்சபையே தொடங்கியது.

இந்தப் படத்துக்கும் பழைய சிக்கல் ஒன்று உண்டு: விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? சாத்தானுக்கு என்று ஆதித் திருச்சபையின் போதகரான ஒரிகேன் எண்ணினார். நான்காம் நூற்றாண்டில் நசியான்சு நகரத்துக் கிரெகோரியார் அதை மறுத்தார். கொள்ளைக்காரனுக்கு அத்தகைய விலையா என்று கேட்டார், பிதாவுக்கு என்றால் நம்மைச் சிறைப்படுத்தியவர் அவர் அல்லவே என்றும் கேட்டார். 1098இல் இதைப் பற்றிய தம் நூலை முடித்த இறையியலாளர் ஆன்செல்ம், தேவனுடைய மகிமைக்கு நாம் செலுத்தத் தவறிய கடனை மனிதனாகிய தேவனே செலுத்தினார் என்று பதில் கூறினார். மேற்குலகம் பல நூற்றாண்டுகளாக அந்தப் பதிலை நம்பி நின்றது. எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது: வாங்கவேண்டியதை முழுவதும் வாங்கிவிட்ட பின்னர் விடுவிப்பவரை மன்னித்தவர் என்று எப்படி அழைப்பது?

இதற்கு மத்தேயு 18ஆம் அதிகாரம் தரும் பதில் எல்லாவற்றையும்விட எளியது. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் ராஜாவின் முன் விழுகிறான். ஒரு தாலந்து ஆறாயிரம் வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்றால், அவன் கடன் ஆறு கோடி நாட்களின் கூலி. ராஜா மூன்றாம் ஆள் ஒருவனிடமிருந்து அதை வாங்குவதில்லை. மன்னித்துவிடுகிறார். ஆனால் அந்தக் கடன் காற்றில் கரைந்துபோகவில்லை. அது ராஜாவின் நட்டமாக மாறிவிட்டது. வசூலிக்காத ஒவ்வொரு கடனையும் யாரோ ஒருவர் சுமக்கிறார், மன்னிக்கும்போது கடன்கொடுத்தவரே சுமக்கிறார். சிலுவை என்பது அந்த நட்டம் எவ்வளவு என்று தெரிந்த இடம் என்றே நான் நம்புகிறேன். யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வி இங்கே வேறுவிதமாகத் திரும்புகிறது; யாருடைய கையிலிருந்து போனது என்று கேட்டால் விடை உண்டு.

பௌத்த நண்பனின் கேள்விக்கும் இந்தப் படம் இடந்தருகிறது. வினையை விதைத்தவனே அறுக்கவேண்டும் என்று அவன் சொல்லும்போது, வேதமும் அதையே சொல்கிறது என்று நம் பிள்ளை முதலில் ஒப்புக்கொள்ளலாம். கலாத்தியர் 6:7 அதற்குச் சாட்சி. அதன்பின், வினையின் கணக்கை நடத்துவது முகமில்லாத ஒரு நியதியாக இருந்தால் அதை மன்னிக்க யாரும் இல்லை, ஆனால் நாம் கடன்பட்டது ஒருவரிடம் என்றால் அவர் மட்டும் அதைத் தம்மேல் ஏற்றுக்கொள்ள முடியும் என்று சொல்லலாம். நண்பன் ஒத்துக்கொள்ளவேண்டும் என்பதில்லை. கருத்து வேறுபாடு எந்த இடத்தில் இருக்கிறது என்று இருவரும் தெளிவாகக் காண்பார்கள்; அவ்வளவுக்கு ஒரு படம் உதவினாலே எனக்குப் போதும்.

கடன் படத்தில் எனக்குள்ள ஒரே உண்மையான அச்சம், அது நம்மைக் கணக்கில் மட்டும் விடுவித்து, நாம் தீங்கிழைத்த மனிதரை மறக்கச் செய்துவிடும் என்பது. பிறனுடைய பொருளை அபகரித்தவனுக்கு லேவியராகமம் 6இல் உள்ள ஒழுங்கு இதைத் தடுக்கிறது: அவன் குற்றநிவாரணபலிக்கு ஆட்டுக்கடாவைக் கொண்டுவரவேண்டியவனே, ஆயினும் எடுத்த முதலையும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனிடம் சேர்க்கவேண்டும். வரிவசூலித்தவனான சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்றபோதுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னார். மத்தேயு 18இன் கதையும் பதினாயிரம் தாலந்தோடு முடிவதில்லை. வெளியே போன அந்த ஊழியக்காரன், நூறு வெள்ளிப்பணம் தனக்குக் கொடுக்கவேண்டிய தோழனின் தொண்டையைப் பிடிக்கிறான். ராஜாவின் கோபம் அங்கேதான் மூளுகிறது. நெல்வயல்களின் கடன் ஏடுகளைக் கையில் வைத்திருந்த ஒரு சமூகத்தின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை விட்டுவிட்டு முதற்பகுதியை மட்டும் கற்பிக்க எனக்கு மனம் வராது.

ஆகவே வரிசை இப்படி அமையும். முதல் மாலையில் மத்தேயு 18உம் கொலோசெயர் 2உம். இரண்டாம் மாலையில் கோ தா ப்யூவின் கதையோடு மீட்கும்பொருள். அதன்பின் இரண்டு மாலைகள் பலிபீடத்துக்கு. மாவு கொண்டுவந்த ஏழையில் தொடங்கிப் போக்காடு வரை, அங்கிருந்து எபிரெயர் நிருபத்துக்கு. ஐந்தாவதாகவே நீதிமன்றம், அப்போது, நட்டத்தைத் தாமே ஏற்ற ராஜாவை ஏற்கெனவே அறிந்த பிள்ளைகள் நீதிபதியின் ஆசனத்தில் அவரையே அடையாளம் கண்டுகொள்வார்கள். பெரிய வெள்ளிக்கு முந்தைய மாலையில் அன்பின் முன்மாதிரி, அதனோடு யாரும் யாரையும் அடித்து நொறுக்க அது அனுமதிச் சீட்டன்று என்ற எச்சரிக்கையும். போதகர் ஐயாவிடம் இந்த வரிசையைக் காட்டினேன். பலிபீடத்தை இன்னும் முன்னே கொண்டுவரலாமே என்று கேட்டார். பாட்டியம்மா வாசலில் நின்று சொன்னதை அவருக்குச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, முதல் ஆண்டு இப்படியே நடத்திப் பார்க்கலாம் என்றார்.

முதல் மாலையில் ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பகுதிகளைத் தமிழில் ஒரு முறையும் பர்மிய மொழியில் ஒரு முறையும் வாசிக்கவேண்டும். பிறகு தங்கள் தமிழ் வேதாகமத்தில் கொலோசெயர் 2:14ஐத் திறந்து, "கையெழுத்து" என்ற சொல்லுக்கு அருகில் ஓரத்தில் பென்சிலால் "புரோநோட்டு" என்று எழுதிக்கொள்ளச் சொல்லப்போகிறேன்.